கறளைப் பாருங்கள், எஞ்சினைப் பிறகு பார்க்கலாம்

வாசகர் கேள்வி – பதில்: வாகனப் பக்கம்

சென்ற இதழில் குளிர்கால ரயர் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, என்னிடம் இருக்கிற 1977 டொட்ஜ் ட்றக்கைப் பற்றி இரண்டு வரி சொல்லியிருந்தேன். "ஸ்னோ கொமாண்டர்" என்ற பெயரில், பனி வழிப்பதற்கென்றே விற்கப்பட்ட நாலு சில்லு இழுவை ட்றக் அது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வரியைப் பற்றித்தான். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் பழைய பனி ட்றக்குகளுக்கே. புதிய வாசகர்களுக்காக ஒன்று: நான் ஒன்ராறியோவில் பாரி நகருக்கு வடக்கே வசிக்கிறேன். ஜோர்ஜியன் குடாவைத் தாண்டி வருகிற காற்று ஏரி நீரின் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து பனியாகக் கொட்டுகிற பகுதி இது. ஓய்வு பெறும்வரை இங்குள்ள ஒரு நகரசபையின் கராஜில் பனி வண்டிகளைத் திருத்துவதுதான் என் தொழில்.

கேள்வி: "ஸ்னோ கொமாண்டர்" என்று எழுதியிருந்தீர்கள். எந்தப் பிக்கப்பிலும் முன்னால் பனி தள்ளுகிற ஒரு பிளேட்டைப் பூட்டினால் அதுவும் பனி ட்றக் தானே அண்ணை? என்ன பெரிய வித்தியாசம்? (ஒரு வாசகர், பிரம்டன்)

பதில்: பூட்டலாம் தம்பி. நிறையப் பேர் பூட்டி ஓடுகிறார்கள். வித்தியாசம் பிளேட்டில் இல்லை, அதைச் சுமக்கிற ட்றக்கில் இருக்கிறது. ஏழரை அடிப் பிளேட், அதைப் பிடிக்கிற சட்டம், ஹைட்ரோலிக் பம்ப் எல்லாம் சேர்ந்து முன் அக்சிலுக்கும் முன்னால் 300 கிலோ அளவில் தொங்குகின்றன. தெருவில் ஒரு கிடங்கில் சில்லு விழும்போது அந்தப் பாரம் துள்ளி இறங்கும். முன் வில்லுத் தகடு, ஸ்ரியரிங், பந்து மூட்டுகள், செசியின் (வண்டியின் அடிச்சட்டம்) முன்முனை எல்லாம் ஒவ்வொரு துள்ளலையும் வாங்கிக்கொள்ள வேண்டும். றேடியேற்றருக்குக் காற்றை மறைப்பதும் அதே பிளேட். நின்ற இடத்தில் முன்னும் பின்னுமாக நூறு தடவை போவதால் கியர்பெட்டி கொதிக்கும். இவை எல்லாவற்றையும் எண்ணிக் கட்டிய வண்டிதான் பனி ட்றக்.

டொட்ஜுக்கு இதில் நீண்ட பழக்கம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை பாவித்த, முக்கால் தொன் பாரம் ஏற்றுகிற வண்டியின் அடித்தளத்தில், 1946-இல் அவர்கள் "பவர் வேகன்" என்ற பெயரில் பொதுமக்களுக்கு ஒரு ட்றக்கை விற்கத் தொடங்கினார்கள். 230 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், 94 குதிரைவலு. அவ்வளவுதான் பலம். ஆனால் கியர் விகிதம் அவ்வளவு தாழ்வு, ஆகையால் மெதுவாக எதையும் இழுக்கும். பண்ணை, மரம் வெட்டும் காடு, மின்கம்பி வேலை எல்லாவற்றுக்கும் போயிற்று. 1957-இல் அதே பெயரைச் சாதாரண பிக்கப் உடம்புள்ள டபிள்யூ வரிசைக்கும் வைத்தார்கள். எழுபதுகளில் அந்த வரிசையில்தான் பனி வேலைக்கான தெரிவு வந்தது. பிளேட், ஹைட்ரோலிக், உள்ளேயிருந்து இயக்குகிற பிடி, பிளேட்டுக்கு மேலால் வெளிச்சம் காட்டுகிற விளக்குகள் எல்லாவற்றோடும் ஒரே வண்டியாக வாங்கலாம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஸ்னோ கொமாண்டர்.

என்னுடையது டபிள்யூ 200, முக்கால் தொன். 360 கன அங்குல வி-8, அதாவது 5.9 லீற்றர். மூன்று கியர் 727 ஒட்டோமற்றிக் கியர்பெட்டி. முன்னுக்கு டேனா 44 அக்சில், பின்னுக்கு டேனா 60. கதவில் ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது, மங்கிப்போய்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். மகன் கனடாவில் இருப்பதால் இந்த இதழ் எனக்கும் வருகிறது. நாலு சில்லும் இழுக்கிற லொறியை முதலில் செய்தது யார்? பனிக்காகத்தான் செய்தார்களா?

பதில்: ஐயா, இதற்கு நீளமாகப் பதில் எழுத எனக்கு ஆசை. அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்தில் கிளின்ரன்வில் என்று ஒரு சிறிய ஊர். அங்கே ஓட்டோ சாக்கோ, வில்லியம் பெசர்டிக் என்ற மச்சான்மார் இருவர் ஒரு பட்டறை வைத்திருந்தார்கள். முன் சில்லு திரும்பவும் வேண்டும், அதே நேரம் இழுக்கவும் வேண்டும். அந்தச் சிக்கலைத் தீர்க்கிற மூட்டுக்கு 1908-இல் காப்புரிமை பெற்றார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் எஃப்.டபிள்யூ.டி. (ஃபோர் வீல் டிரைவ்) கம்பனி. பனி அப்போது அவர்கள் மனதில் முதலாவது விடயம் அல்ல. சேறும் மணலும்தான் அன்றைய தெருக்களின் பிரச்சினை. முதலாம் உலகப் போருக்கு அவர்களுடைய லொறிகள் ஆயிரக்கணக்கில் போயின. போர் முடிந்ததும் மிஞ்சியவற்றை அமெரிக்க மத்திய அரசு மாநிலங்களின் தெருத் திணைக்களங்களுக்குக் கொடுத்தது. கார்கள் பெருகி, குளிர்காலத்திலும் தெரு திறந்திருக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, அந்த லொறிகளின் முன்னால் பிளேட் ஏறியது.

பெசர்டிக் பிறகு அங்கிருந்து விலகி, பேர்ன்ஹார்ட் மொஸ்லிங் என்பவரோடு சேர்ந்து 1917-இல் இன்னொரு கம்பனி தொடங்கினார். இன்று விமான நிலையங்களில் பெரிய பனி வண்டிகளாக நீங்கள் படத்தில் பார்க்கிற ஒஷ்கொஷ் அதுதான்.

ஆனால் என் மனதுக்கு மிக நெருக்கமானது வோல்ற்றர். சுவிற்சர்லாந்தில் இருந்து நியூயோர்க் வந்த வில்லியம் வோல்ற்றர், இனிப்புப் பண்டம் செய்கிற இயந்திரங்கள் கட்டியவர். பிறகு கார், பிறகு நாலு சில்லு இழுவை லொறி. அவர்களுடைய "ஸ்னோ ஃபைற்றர்" வண்டியில் எஞ்சின் முன் அக்சிலுக்கும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க மூக்கு நீண்ட மாதிரி. காரணம் இருக்கிறது. பனியைத் தள்ளும்போது முன் சில்லுக்குப் பாரம் இருந்தால்தான் பிடிக்கும். அத்தோடு எந்தச் சில்லு வழுக்குகிறதோ அதற்குப் பலத்தை வீணாக்காமல், பிடித்து நிற்கிற சில்லுக்கு அனுப்புகிற தானாகப் பூட்டும் டிஃபரென்ஷல்கள் (சில்லுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல விட்டுப் பலத்தைப் பிரிக்கிற பல்சில்லுத் தொகுதி). நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கராஜின் பின்பக்கம் ஒன்று நின்றது. அதன் டிஃபரென்ஷலைக் கழற்றிப் பார்த்த அன்றைக்கு, இதைச் சிந்தித்தவன் எவ்வளவு பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்தேன். இன்றைக்கும் அதே எண்ணம்தான்.

கேள்வி: ஒரிலியாவுக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் 1978 டபிள்யூ 200 ஒன்று, பிளேட்டோடு 6,500 டொலருக்கு இருக்கிறது. எஞ்சின் தங்கமாக ஓடுகிறது. வாங்கலாமா? (மார்க்கம்)

பதில்: எஞ்சினைப் பற்றி நீங்கள் முதலில் எழுதியதுதான் எனக்குக் கவலை. 360 எஞ்சின் 1971 முதல் இருபது வருடத்துக்கு மேல் செய்யப்பட்டது. கஸ்கற், பம்ப், பிஸ்ரன் எல்லாம் இன்றைக்கும் வாங்கலாம். பழுதான எஞ்சினை ஒரு மாதத்தில் நேராக்கலாம். செசி கறள் பிடித்துப் போனால் அந்த ட்றக் முடிந்தது.

ஒன்ராறியோவில் வாகனத்தைத் தின்பது பனி அல்ல, உப்பு. ஹூரன் ஏரிக்கரையில் கோடரிச் என்ற ஊரில், ஏரிக்கு அடியில், உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. அங்கிருந்து வருகிற உப்பு ஒவ்வொரு குளிர்காலமும் நம்முடைய தெருக்களில் கொட்டப்படுகிறது. சாதாரண கார் அந்தத் தெருவில் ஓடிவிட்டு வீட்டுக்குப் போய்விடும். பனி ட்றக்கோ நாள் முழுக்க உப்புச் சேற்றுக்குள்ளேயே நின்று வேலை செய்கிறது. அதனால் நாற்பத்தைந்து வருடம் கழித்து ஒன்று உயிரோடு இருக்கிறது என்றால், அதை யாரோ பாசத்தோடு பார்த்திருக்க வேண்டும். அந்த யாரோ உண்மையில் இருந்தாரா என்பதைத்தான் நீங்கள் பார்க்கப் போகிறீர்கள்.

ஒரு சிறிய சுத்தியல், ஒரு கூரான குத்தூசி, நல்ல ரோர்ச், பழைய உடுப்பு. நேரே கீழே படுங்கள். செசியை அடி அடியாகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு மணி மாதிரி ஒலிக்கும், உக்கியது மொத்தென்று விழும். பின் வில்லுத் தகட்டின் முன் கொளுவி, கபினுக்குப் பின்னால் குறுக்குச் சட்டம் ஆணி அடித்துச் சேர்கிற இடம், ஸ்ரியரிங் பெட்டி பூட்டியிருக்கிற இடம், பிளேட்டின் சட்டம் செசியில் பூட்டுகிற ஓட்டைகள்: இந்த நாலையும் அவசரப்படாமல் வடிவாகப் பாருங்கள். இரண்டு தகடு ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும் இடத்தில் நடுவே கறள் ஊதி, தகட்டையே வளைத்துவிடும். ஸ்ரியரிங் பெட்டிக்குப் பக்கத்தில் மயிர் அளவு வெடிப்புத் தெரிந்தாலும் பேரம் பேசவேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். புதிதாகக் கறுத்த தார் பூசியிருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். விற்பதற்கு முதல் நாள் பூசிய தாருக்குள் என்ன இருக்கிறது என்று குத்தூசிதான் சொல்லும். ஒன்ராறியோவில் பெயர் மாற்றி, தெருவில் ஓட்டப் பதிய பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். செசியில் ஓட்டை இருந்தால் அது கிடைக்காது.

பிறேக் குழாய்கள் அனேகமாக மாற்ற வேண்டியிருக்கும். இரும்புக் குழாய் போடாமல் செம்பு-நிக்கல் குழாய் போடுங்கள். வளைப்பதும் சுகம், கறளும் பிடிக்காது.

சில்லைப் பாருங்கள். அந்தக் காலத்து முக்கால் தொன் ட்றக்குகளில் பலவற்றுக்கு 16.5 அங்குல றிம். அந்த அளவு ரயர் இப்போது அரிது. 16 அங்குல ரயரை அந்த றிம்மில் ஏற்ற முயலாதீர்கள், யாராவது ஏற்றித் தருகிறேன் என்றாலும் விடாதீர்கள். காற்றடிக்கும்போது வெடித்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். சரியான 16 அங்குல றிம் தேடி வாங்குவதையும் விலைக் கணக்கில் சேருங்கள்.

பிறகு பொனற்றைத் திறந்து, எஞ்சின் பக்கத்துக்கும் கபினுக்கும் நடுவேயுள்ள சுவரில் வயர்கள் எல்லாம் கூடிப்போகிற பெரிய இணைப்பைப் பாருங்கள். இந்த வண்டிகளில் ஓல்ரனேற்றரின் முழு மின்னோட்டமும் அந்த இணைப்பு வழியாக உள்ளே போய், டாஷ்போர்டில் உள்ள அம்பியர் மீற்றரைச் சுற்றித் திரும்புகிறது. பிளேட்டைத் தூக்கும் மோட்டர் பற்றறியைக் குடித்துவிட, ஓல்ரனேற்றர் அதை நிரப்ப முழுப்பலத்தோடு ஓட, அந்தச் சின்னப் பித்தளை முனைகள் சூடாகி பிளாஸ்ரிக் உருகும். உருகிய அடையாளம் இருந்தால் பயப்படத் தேவையில்லை. ஓல்ரனேற்றரில் இருந்து தடித்த வயர் ஒன்றை ஃபியூஸ் இணைப்போடு நேரே பற்றறிக்கு இழுத்தால் தீரும். ஆனால் அதைச் செய்யாமல் முதல் பனிக்கு இறக்காதீர்கள்.

பிளேட்டைத் தூக்கி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் உரிமையாளரோடு கதையுங்கள். தானாக இறங்கியிருந்தால் சீல் அல்லது வால்வு போய்விட்டது, அது சின்னச் செலவு. கீழ் விளிம்புத் தகடு தேய்ந்திருந்தாலும் சின்னச் செலவு. பிளேட் திரும்புகிற ஊசியின் ஓட்டை முட்டை வடிவாகியிருந்தால் வெல்டிங் வேலை.

செசி நல்லதென்றால் 6,500 எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. செசி கூடாதென்றால் ஐந்நூறுக்கும் வேண்டாம்.

கேள்வி: என்னுடைய 1976 டொட்ஜ் காய்ந்த தெருவில் திரும்பும்போது முன்பக்கம் இழுத்துப் பிடித்துத் துள்ளுகிறது. ட்றான்ஸ்பர் கேஸ் பழுதா? (விற்பி)

பதில்: பழுதில்லை. பலத்தை முன், பின் அக்சில்களுக்குப் பிரிக்கிற அந்தப் பெட்டியின் கம்பு "லொக்" நிலையில் நிற்கிறது என்று நினைக்கிறேன். 1974 முதல் 1979 வரை டொட்ஜ் நாலு சில்லு ட்றக்குகளுக்கு வந்தது என்பி 203 என்ற ட்றான்ஸ்பர் கேஸ். எப்போதும் நாலு சில்லும் இழுக்கிற வகை. அதற்குள் ஒரு டிஃபரென்ஷல் இருப்பதால், திரும்பும்போது முன் சில்லுகள் பின் சில்லுகளைவிடக் கூடத் தூரம் ஓடுவதை அது சமாளிக்கும். "லொக்" போட்டால் அந்த டிஃபரென்ஷல் பூட்டுப்படும். பனியில் சில்லு கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை. முறுக்கு ஏறி ஏறி, கடைசியில் சங்கிலியோ மூட்டோ உடையும்.

பூட்டைத் திறந்தும் கம்பு வராவிட்டால், நேராகச் சில மீற்றர் றிவேர்ஸில் போங்கள். முறுக்கு அவிழும், கம்பு தானாக வரும்.

இதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பூட்டாமல் பனியில் இறங்கினால், ஒரேயொரு சில்லு பனிக்கட்டியில் சுழன்றாலே பலம் எல்லாம் அதற்குப் போய், மற்ற மூன்றும் சும்மா நிற்கும். "நாலு சில்லு வண்டி என்றார்கள், ஒரு அங்குலம் நகரவில்லை" என்று தொலைபேசியில் சொல்கிறவர்கள் அனேகமாக இதைத்தான் மறந்திருப்பார்கள். பனி வழிக்கத் தொடங்கும்போது பூட்டு, தெருவுக்கு ஏறும்போது திற. அதுவே பழக்கமாகட்டும்.

நடு டிஃபரென்ஷலை எடுத்துவிட்டுப் பழைய மாதிரித் தேவைக்கு மட்டும் நாலு சில்லு இழுக்க மாற்றுகிற பொருத்தம் கடையில் இருக்கிறது. கூடுதலாக ஓடுகிற ட்றக்குக்கு அது நல்லது, முன்பக்கம் தேயாது. பனிக்கு மட்டும் வெளியே வருகிற ட்றக் என்றால் எதற்கு? இருக்கிறபடி விடுங்கள். ஒயில் அளவை மட்டும் பாருங்கள், சங்கிலிக்கு அதுதான் சீவன்.

கேள்வி: குளிர் –20 தாண்டினால் பிளேட் ஏற மறுக்கிறது, ஏறினாலும் நத்தை மாதிரி. பம்ப் மாற்றச் சொல்கிறார்கள். 900 டொலர். (சட்பரி)

பதில்: பம்பை இப்போது தொடாதீர்கள். முதலில் ஒயிலை வடித்துக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அது குளிரில் உறைந்து வடிகட்டியை அடைக்கும். குளிருக்கென்றே வருகிற பிளேட் ஒயிலை மட்டும் ஊற்றுங்கள், சாதாரண ஹைட்ரோலிக் ஒயில் அந்தக் குளிரில் தேன் போலத் தடித்துவிடும். ஒவ்வொரு இலையுதிர் காலமும் மாற்றுங்கள்.

அடுத்தது மின்சாரம். அந்த மோட்டர் தூக்கும்போது 150 அம்பியருக்கு மேல் இழுக்கும். பற்றறியின் நெகற்றிவ் வயர் எஞ்சினோடு சேர்கிற இடத்தையும், மோட்டரின் உடம்பு நிலத்தொடுப்பு எடுக்கிற இடத்தையும் கழற்றி, இரும்பு பளபளக்கச் சுரண்டிப் பூட்டுங்கள். நான் பார்த்த "செத்த பம்புகள்" பலவும் இந்த இரண்டோடு எழும்பிவிட்டன.

கோடையில் பிளேட்டின் தூக்குத் தண்டை உள்ளே முழுக்க இறக்கி வையுங்கள். வெளியே நீட்டியபடி விட்டால் குரோம் பூச்சில் கறள் புள்ளி விழும். அடுத்த மாரியில் அந்தப் புள்ளிகள் சீலை அறுக்கும்.

கேள்வி: முப்பது வயது தாண்டிய வாகனத்துக்குப் பழம்பெரும் வாகன நம்பர் தகடு எடுத்தால் செலவு குறைவாமே. அதைப் போட்டுக்கொண்டு பனி வழிக்கலாமா? (ஸ்காபரோ)

பதில்: கூடாது. ஒன்ராறியோவில் அந்தத் தகடு, பெரிதாக மாற்றம் செய்யாத பழைய வாகனங்களுக்கு. ஊர்வலம், கண்காட்சி, முறையான வாகனக் கழகங்கள் ஒழுங்கு செய்கிற பயணம், திருத்த வேலைக்குக் கொண்டுபோதல் இவற்றுக்குத்தான். காசுக்கோ சும்மாவோ, வேலைக்குப் போனால் அது மீறல். சாதாரண தகடே எடுங்கள். காப்புறுதிக்காரரிடம் பனி வழிப்பேன் என்பதை வாய் திறந்து சொல்லுங்கள். மற்றவர் வளவில் வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் அதற்கு வேறு காப்புறுதி.

இன்னொன்று. வளவுப் பனியைத் தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் தள்ளுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. ஒன்ராறியோ நெடுஞ்சாலைச் சட்டம் அனுமதியில்லாமல் தெருவில் பனி போடுவதைத் தடை செய்கிறது. தெருவில் விட்டுப்போன ஒரு வரம்பு இரவில் உறைந்தால், விடியப் பள்ளிக்கூட பஸ் அதில் ஏறும். நகரசபையில் வேலை செய்தவன் என்ற முறையில் இதை மன்றாடிக் கேட்கிறேன்.

கேள்வி: அகலமான ரயர் போட்டால் நல்ல பிடிப்புத்தானே?

பதில்: பனியில் இல்லை. ஒடுங்கிய ரயர் பனியை வெட்டிக்கொண்டு கீழேயுள்ள நிலத்தைத் தொடும். அகலமானது மேலே மிதக்கும். மிதக்கிற சில்லால் தள்ள முடியாது. ஆணி ரயர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒன்ராறியோக்காரரில் வட ஒன்ராறியோவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே அதற்கு அனுமதி.

கேள்வி: பழைய வி-8-ஐக் கழற்றிவிட்டு கமின்ஸ் டீசல் போடலாம் என்று நண்பர் சொல்கிறார். இரண்டும் 5.9 லீற்றர்தானாம்.

பதில்: லீற்றர் ஒன்றுதான், பாரம் ஒன்றல்ல. அந்த ஆறு சிலிண்டர் கமின்ஸ் ஏறக்குறைய 500 கிலோ. உங்கள் வி-8 அதில் பாதியளவு. டொட்ஜ் 1989-இல் அந்த எஞ்சினைப் போட்டபோது அதற்கேற்ற வண்டியில் போட்டது. உங்கள் டேனா 44 முன் அக்சிலின் மேல் அந்தப் பாரத்தையும் வைத்து, முன்னால் பிளேட்டையும் தொங்கவிட்டால், பந்து மூட்டுகள் வருடா வருடம் போகும். பனி தள்ளப் பலம் பெரிதாக வேண்டாம், லோ கியரில் 318 கன அங்குலச் சின்ன வி-8 எஞ்சினே போதும். அந்தக் காசில் செசியைச் சுத்தம் செய்து பூசுங்கள்.

இந்த வி-8 வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். சாவியை முறுக்கும்போது எஞ்சின் பற்றி, கையை எடுத்ததும் நின்றால் காபரேற்றரைத் திட்டாதீர்கள். கபின் சுவரில், எஞ்சின் பக்கமாக, வெள்ளைப் பீங்கான் துண்டு ஒன்று பூட்டியிருக்கும். அந்த பலாஸ்ற் ரெசிஸ்ரர் அறுந்திருக்கும். ஒன்றை எப்போதும் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்திருங்கள்.

கேள்வி: என் கணவர் குளிர்காலச் சனி ஞாயிறு முழுவதும் இந்த மாதிரி ஒரு ட்றக்குக்குக் கீழேதான் படுத்திருக்கிறார். பெற்றோலையும் குடிக்கிறது. புதிதாக ஒன்றைத் தவணைக்கு எடுக்கச் சொன்னால் கேட்கிறார் இல்லை. நீங்களாவது சொல்லுங்கள். (ஓக்வில்)

பதில்: உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பெற்றோலும் குடிக்கும், மறைக்கவில்லை. நூறு கிலோமீற்றருக்கு இருபது லீற்றருக்கு மேல் தாராளமாகப் போகும். ஆனால் வளவு வழிக்கிற ட்றக் வருடத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறது? உங்கள் வீட்டுக் காரின் ஒரு மாத ஓட்டம் கூட வராது. புதிய முக்கால் தொன் ட்றக்கும் பிளேட்டும் சேர்த்தால் இன்று ஒரு லட்சம் டொலருக்குக் கிட்டப் போகலாம். அதைக் கொண்டுபோய் அதே உப்புக்குள் நிறுத்துவதற்கு எனக்கு மனம் வராது.

அதைவிட இன்னொரு காரணம் இருக்கிறது. இந்த ட்றக்கில் உள்ள ஒவ்வொரு சாமானையும் ஒரு மனிதன் ஸ்பானர் பெட்டியோடு கழற்றிப் பூட்டலாம். நடு இரவில் பனிப்புயலில் நின்றுவிட்டால், காரணத்தைத் தேடிப் பிடிக்கலாம். கொம்பியூட்டர் கொண்டுவந்து கேட்கத் தேவையில்லை. வேலைக்காகச் செய்த ஒரு பொருள், ஐம்பது வருடம் கழிந்தும் அதே வேலையைச் செய்கிறது. அதைக் காப்பாற்றி வைத்திருப்பது வீண்செலவு என்று என்னால் ஒருநாளும் சொல்ல முடியாது.

ஆனால் உங்கள் கணவருக்கு மூன்று விடயம் கட்டாயம் சொல்லுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்கக் கூடாது, தாங்கிக் கட்டைகள் வைக்க வேண்டும். தூக்கிய பிளேட்டுக்குக் கீழே கையோ காலோ வைக்கக் கூடாது. ட்றக்கை நிறுத்தினால் பிளேட் நிலத்தில் இருக்க வேண்டும். பனிக்குள் புதைந்து நின்று, எஞ்சின் ஓடினால் புகைக்குழாய் வாயை முதலில் கிண்டித் திறக்க வேண்டும், அந்தப் புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட் மணமில்லாமல் கொல்லும்.

கேள்வி: வேலை முடிந்ததும் சூடு போட்ட கராஜுக்குள் விட்டால் ட்றக்குக்கு நல்லதா?

பதில்: கழுவாமல் விட்டால் கேடு. உறைந்த உப்பு அதிகம் தின்னாது. சூடான ஈரத்தில் உப்பு வெறிபிடித்துத் தின்னும். கழுவ வசதியில்லை என்றால் குளிர்ந்த கொட்டிலே நல்லது. எஞ்சினுக்கு மின்சார ஹீற்றர் கொளுவி வைத்தால் காலையில் பற்றும். கூலன்ற் பாதிக்குப் பாதி என்றால் –37 வரை தாங்கும்.

இலையுதிர் காலத்தில், தெருவில் உப்பு விழ முன்னர், கதவின் உட்பக்கம், செசியின் உட்பக்கம் எல்லாம் கறளெதிர் ஒயில் அடியுங்கள். ஒழுகும், மணக்கும், பரவாயில்லை. ஒழுகுகிற ஒயில்தான் இடுக்குக்குள் போகும். காய்ந்து தோலாகிற றப்பர்ப் பூச்சு எனக்குப் பிடிக்காது. அது ஒரு இடத்தில் வெடித்தால் உள்ளே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்.

கேள்வி: முதல் முறையாகப் பிளேட் பூட்டிய ட்றக் வாங்கியிருக்கிறேன். எங்கள் வளவுப் பாதை சல்லிப் பாதை. எப்படித் தொடங்குவது? (ஓவன் சவுண்ட்)

பதில்: பின் பெட்டியில், பின் அக்சிலுக்குப் பின்னால், மண்மூட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். அது இல்லாவிட்டால் முன்பக்கப் பாரத்தால் பின்பக்கம் இலேசாகி வழுக்கும்.

சல்லிப் பாதையில் பிளேட்டின் சப்பாத்துகளை (அடியில் அதைத் தாங்கி நிற்கிற பாதங்கள்) சரிசெய்து, விளிம்பு நிலத்தில் இருந்து ஒரு அங்குலம் உயர்ந்து நிற்கிற மாதிரி வையுங்கள். முதல் பனியை வழிக்கவே வேண்டாம். அதன் மேலால் முன்னும் பின்னும் ஓடி இறுக்குங்கள். அது உறைந்து பாதைக்கு ஒரு தோல் மாதிரி ஆகிவிடும். அடுத்த பனிகளை அந்தத் தோலுக்கு மேலால் வழிக்கலாம். இல்லாவிட்டால் வசந்தத்தில் சல்லி எல்லாம் புல்லுக்குள் கிடக்கும்.

ஒரு அடி விழும்வரை காத்திருக்காதீர்கள். நாலு அங்குலத்துக்கு ஒரு தடவை இறங்குங்கள். லோ றேஞ்சில், நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். முட்டினால் பிளேட் முன்னுக்குச் சரிந்து விட்டுக்கொடுக்க ஸ்பிறிங் இருக்கிறது, ஆனால் வேகமாகப் போய் மரவேரில் மோதினால் ஸ்பிறிங் காப்பாற்றாது. முன்னுக்குப் போய், முழுக்க நின்று, பிறகுதான் றிவேர்ஸ். உருளும்போதே கியர் மாற்றுகிறவர்களின் 727 பெட்டிகளைத்தான் நான் அதிகம் பிரித்திருக்கிறேன். தெருவில் ஓடும்போது பிளேட்டை ஒரு பக்கம் சரித்து, முழு உயரத்துக்குத் தூக்காமல் வையுங்கள். றேடியேற்றருக்குக் காற்றுப் போகும், விளக்கும் மறையாது.

டிசம்பர் பனியைத் தேவைக்கு மேலாகத் தூரத்தில் கொண்டுபோய்க் குவியுங்கள். குவியல் உறைந்தபின் அதைத் தள்ள எந்த ட்றக்காலும் முடியாது, பெப்ரவரியில் பனி போட இடமில்லாமல் நிற்பீர்கள். பாதையின் இரண்டு விளிம்பிலும், கிணற்று மூடி, செப்ரிக் குழி, பூப்பாத்தி எல்லாவற்றுக்கும் அருகிலும் செம்மஞ்சள் தடி நட வேண்டும். நிலம் உறைந்தபின் தடி இறங்காது, நவம்பர் முதல் கிழமையிலேயே அதை முடித்துவிடுங்கள்.